ஒரு சொம்பு, இரண்டு எலுமிச்சை, ஒரு ஜன்னல்

[காட்சி: ஜன்னலோர மேசையில் பித்தளைச் சொம்பு, பக்கத்தில் இரண்டு எலுமிச்சம்பழம். பின்னணி இருட்டு.]

வணக்கம். ஜன்னல் வெளிச்சத்தில் மொபைலில் எடுத்த இந்தப் புகைப்படத்துக்கு என்னென்ன தேவைப்பட்டது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மொபைல். ஸ்டேஷனரி கடையில் வாங்கிய கருப்புச் சார்ட் இரண்டு. டிவி வந்த பெட்டியில் கிடந்த தெர்மாகோல் துண்டு. ஒரு பழைய எட்டு முழ வேட்டி. ரிங் லைட் என்கிற வளைய விளக்கு இல்லை. இருந்தாலும் இதற்கு எடுத்திருக்க மாட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

[காட்சி: ஸ்விட்ச் அணைகிறது. அறை மங்குகிறது.]

முதலில் அறையில் எரிகிற எல்லா விளக்கையும் அணையுங்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். பகல் வெளிச்சம் ஏறத்தாழ 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700. இரண்டும் ஒரே பொருள்மேல் விழுந்தால் ஒரு பக்கம் நீலம் பாயும், மறுபக்கம் மஞ்சள் காமாலை வந்தது மாதிரி இருக்கும். பிறகு உட்கார்ந்து திருத்துவது பெரும்பாடு.

அடுத்து ஜன்னல். வடக்கு ஜன்னலில் நேர் வெயில் வராது என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள். அது அவர்கள் ஊருக்குச் சரி. சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை உச்சி வெயில் நமக்கு வடக்குப் பக்கமாகத்தான் சாயும். ஆகவே எந்தத் திசை ஜன்னலானாலும் வேட்டியைத் தயாராக வைத்திருங்கள்.

[காட்சி: ஜன்னலில் வேட்டி கட்டப்படுகிறது. சொம்பின் நிழல் விளிம்பு மெல்லக் கரைகிறது.]

நிழலைப் பாருங்கள். வேட்டி கட்டுமுன் கத்தியால் வெட்டியது போல இருந்தது. வானத்தில் சூரியன் நமக்கு ஒரு சின்ன வட்டம்தான். சின்ன இடத்திலிருந்து வரும் ஒளி கூர்மையான நிழலைத் தரும். வேட்டியைக் கட்டியதும் மூன்றடி அகலத் துணி முழுவதும் விளக்காகிவிட்டது. நிழல் மெத்தென்று ஆகிவிட்டது.

மேசையை ஜன்னலுக்கு இரண்டடிக்குள் தள்ளுங்கள். தூரம் கூடக் கூட வெளிச்சம் விறுவிறுவென்று குறையும். எட்டடி தள்ளியிருக்கும் சுவர் தானாகவே இருண்டுவிடும். இன்னும் இருட்டு வேண்டுமானால் ஒரு சார்ட்டைப் பின்னால் நிறுத்துங்கள். ஜன்னல் உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் மட்டும் வேண்டாம். முன்னாலிருந்து விழும் ஒளியில் சொம்பு அப்பளம் மாதிரித் தட்டையாகிவிடும். ரிங் லைட் செய்வதும் இதைத்தான்.

[காட்சி: எலுமிச்சையின் இருண்ட பக்கம், மிக அருகில். தெர்மாகோல் நெருங்குகிறது, விலகுகிறது.]

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தெர்மாகோலை வையுங்கள். ஜன்னல் ஒளியை அது இருண்ட பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும். பழத்தோலில் இருக்கும் சின்னச் சின்னக் குழிகள் ஒவ்வொன்றாக வெளியே வருவது தெரிகிறதா? அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் எடுத்த புகழ்பெற்ற குடைமிளகாய்ப் படத்திலும் இந்தச் சங்கதி உண்டு. மிளகாயை ஒரு தகரப் புனலுக்குள் வைத்தார். புனலின் சுவரே ஒளியைத் திருப்பி அனுப்பியது.

சரி, இப்போது தெர்மாகோலை எடுத்துவிட்டு இன்னொரு கருப்புச் சார்ட்டை வைத்துப் பார்க்கலாம். சொம்பின் ஒரு ஓரம் இருட்டுக்குள் போய்விட்டது. எனக்கு இதுதான் பிடிக்கும். சொம்பின் கனம் இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

[காட்சி: சொம்பின் வயிற்றில் லுங்கி கட்டிய ஒரு உருவம்.]

சிரிக்காதீர்கள், நான்தான். பளபளப்பான சொம்பு ஒரு குவியாடி. அறை முழுவதும் அதில் தெரியும். என் முதல் படத்தில் நான், மின்விசிறி, கொடியில் காயும் துண்டு மூன்றும் இருந்தன. கருப்புச் சார்ட்டில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதை முன்னால் பிடித்துக்கொண்டு எடுத்தேன். அப்புறம் புளி போட்டு ரொம்பத் தேய்க்காமலும் விட்டேன். அரைகுறையாக மங்கிய பித்தளைதான் படத்தில் அழகு.

மொபைலில் 1எக்ஸ் லென்ஸோடு கிட்டே போனால் சொம்பின் வயிறு வீங்கும். இரண்டடி பின்னால் வந்து 2எக்ஸ் வையுங்கள். சொம்பின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். பித்தளையின் மினுக்கில் வெள்ளைத் திட்டு மறையும்வரை. ஸ்டாண்டு இல்லையா? துணிப்பையில் ஒரு கிலோ அரிசியைக் கட்டி அதன்மேல் மொபைலைச் சாய்த்துவிடுங்கள். மூன்று விநாடி டைமர். எல்லாவற்றையும் நாமே அமைக்கிற புரோ மோடு இருந்தால் ஐஎஸ்ஓ (ஒளிக்கு எவ்வளவு உணர்வு என்கிற எண்) 100, ஷட்டர் (ஒளி உள்ளே விழும் நேரம்) கால் விநாடி. ஆடாத மொபைலுக்கு இது போதும், புள்ளிப் புள்ளியாக இரைச்சலும் வராது.

[காட்சி: பழம் நறுக்கப்படுகிறது. தோல்மேல் நீர்த்துளிகள்.]

நறுக்கிய பழம் வேண்டுமென்றால் எல்லாம் தயாரான பிறகு கடைசியாக நறுக்குங்கள். சில நிமிடங்களில் அந்த ஈரப் பளபளப்பு போய்விடும். துளிகளுக்கு வெறும் தண்ணீர் தெளித்தால் வழிந்துவிடும். மருந்துக் கடை கிளிசரினையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து தெளித்தால் துளி அப்படியே நிற்கும்.

பழங்களை ஒற்றைப்படையில் அடுக்கச் சொல்வார்கள். மூன்றாவது பழத்தை நானும் வைத்துப் பார்த்தேன், சந்தைக் கடை மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன்.

[காட்சி: முடிந்த படம், பத்து விநாடி, சத்தமில்லாமல்.]