இமைத்தால் ஒரு சொல் போச்சு

நேயர்களுக்கு வணக்கம்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் யாரோ நாலு வரிக் கவிதை போட்டிருப்பார்கள். மூன்றாவது வரிக்கு வருவதற்குள் அது நகரப் பார்க்கும். சட்டென்று விரலால் திரையை அழுத்திப் பிடிப்பீர்கள், இல்லையா? அந்த விரலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். படிக்கிற நேரம் யார் கையில் இருக்கிறது? பல வருஷமாக என்னை விடாத கேள்வி இது.

அச்சுப் புத்தகத்தில் இந்தத் தகராறே கிடையாது. பிடித்த வரியில் அரைமணி நேரம் உட்காரலாம். ஆனால் கணினிக்கென்றே எழுதுகிறவர், சொல் எப்போது வரும், எத்தனை நேரம் நிற்கும் என்பதையும் தானே வைத்துக்கொள்ளலாம்.

'டகோட்டா' என்று ஒரு படைப்பு. சியோலில் இருந்து இயங்கும் 'யங்-ஹே சாங் ஹெவி இண்டஸ்ட்ரீஸ்' செய்தது. பெயரைக் கேட்டுத் தொழிற்சாலை என்று நினைக்காதீர்கள், இரண்டே பேர். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து, பின்னால் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் டிரம்ஸ். அடிக்கு அடி சொற்கள் வந்து விழும். நான் பார்த்தபோது நிறுத்தவோ பின்னால் போகவோ பொத்தான் இல்லை.

முதல் தடவை, நல்ல தொடர் ஒன்றைக் குறித்துக்கொள்ளக் குனிந்தேன். நிமிர்ந்தால் கதை எங்கேயோ போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் குனிந்தேன்! மூன்றாம் தடவை நோட்டை மூடிவைத்துவிட்டுப் பார்த்தேன். தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு சொன்னபோது, கண்ணிமைப்பதையும் கை நொடிப்பதையும் சொன்னார். படிக்கிறவன் உடம்புதான் அங்கே கடிகாரம். இங்கேயோ, இமைத்தால் ஒரு சொல் போச்சு.

நாலாவது தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். இதைச் சொல்லத்தான் வந்தேன். எழுத்தின் வேகம் இம்மியும் மாறவில்லை. ஆனால் என்னால் தாங்க முடியவில்லை. டிரம்ஸ் இருந்தபோது அடுத்த சொல் எப்போது விழும் என்று உடம்புக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. ஒலி போனதும் ஒவ்வொரு சொல்லும் திடீரென்று வந்து இடித்தது. ஓடுகிற பஸ்ஸில் கைப்பிடியை விட்டுவிட்ட மாதிரி. பஸ்ஸின் வேகம் அதேதான், கவனியுங்கள். வேகம் அதேதான்.

இதற்கு நேர் எதிர் வழியும் உண்டு. 1992இல் ஜப்பானில், வீட்டு வீடியோ கேம் கருவியில் படிப்பதற்காக 'சவுண்ட் நாவல்' வந்தது. அதில் வாசகர் பொத்தானை அழுத்தினால்தான் கதை நகரும். ஒருவர் அந்தப் பக்கத்தில் பத்து விநாடி நிற்பார், இன்னொருவர் இரண்டு நிமிஷம் நிற்பார். ஆகவே பின்னணி இசை முடிவில்லாமல் சுற்றிச் சுற்றி வரவேண்டியிருக்கிறது. சுழல்வதே தெரியாமல் இசையமைப்பது லேசான வேலை இல்லை. இதில் எனக்குப் பிடித்த தந்திரம், அந்த இசையைச் சட்டென்று நிறுத்திவிடுவது. பொத்தான் நம் கையில்தான். ஆனாலும் விரல் தயங்கும். நேரத்தை நம்மிடமே விட்டுவிட்டு, நம்மை நிறுத்தியும் விடுகிறார்கள்!

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தானாம். 'டகோட்டா' மாதிரி அசையும் எழுத்தையும் ஒலியையும் இணையத்தில் ஓட்டிக்காட்டிய ஃபிளாஷ் மென்பொருள் பற்றித்தான் பாதிக் குறிப்பு வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்தியது. அதை நம்பிச் செய்த எத்தனையோ படைப்புகள் திறக்காமல் போயின. காணொளியாக மாற்றினால் காப்பாற்றலாம். ஆனால் காணொளி என்றால் நிறுத்தும் பொத்தான் வந்துவிடும், பின்னால் போகலாம், நோட்டில் குறித்துக்கொள்ளலாம். அப்புறம் அது நான் பார்த்த அதே 'டகோட்டா'தானா என்று... சரி, நேரமாகிவிட்டது. வணக்கம்.