கணுக்கால் பிசகினால் உடனே இழுத்துவிடலாமா?

[திரையில்: தேவனாம்பட்டினம் சில்வர் பீச், மாலை. மணலில் வாலிபால்.]

வணக்கம். கடலூர்க்காரர்களுக்கு இது எந்த இடம் என்று சொல்ல வேண்டியதில்லை. இதே மணலில் பந்துக்கு எம்பி இறங்கியபோதுதான் எனக்கு வலது பாதம் உள்பக்கமாக மடிந்தது. வீட்டுக்கு வருவதற்குள் நல்ல வீக்கம். "கால் வழியாப் பொறந்தவங்களைக் கூப்பிட்டு நீவச் சொல்லு" என்றார் பெரியம்மா. நண்பன் போனில் ஒரு வீடியோ காட்டினான். கைரோபிராக்டர், அதாவது மூட்டுகளைக் கையாலேயே அழுத்தி, இழுத்துச் சிகிச்சை செய்பவர் ஒருவர், பாதத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கிறார், 'டக்' என்று சத்தம், படுத்திருந்தவர் எழுந்து நடக்கிறார். "இதைச் செஞ்சா சரியாயிடும்டா" என்றான்.

சரி, உள்ளே என்ன நடந்திருக்கிறது?

[திரையில்: கணுக்கால் படம். வெளிப்பக்க நார்கள் சிவப்பில்.]

கணுக்காலின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையைத் தொட்டுப் பாருங்கள். அதிலிருந்து மூன்று லிகமென்ட்கள், அதாவது எலும்போடு எலும்பைக் கட்டிவைக்கும் நார்கள், பாதத்துக்குப் போகின்றன. பாதம் உள்ளே மடிந்தால் பெரும்பாலும் முதலில் அடிபடுவது முன்னால் இருக்கும் நார். அது இழுபடலாம், பாதி கிழியலாம், அறுந்தும் போகலாம். சுளுக்கு என்பது இதுதான். எலும்பு எங்கேயும் நகர்ந்து உட்கார்ந்திருக்கவில்லை. அன்றைக்கே ஒருவர் இழுத்துவிட்டால், கிழிந்த நாரைத்தான் இன்னும் இழுக்கிறார்.

அந்த 'டக்' சத்தம்? விரலில் சொடக்கு எடுக்கும்போது வருவதேதான். மூட்டுத் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து குமிழி உண்டாகிறது. எலும்பு இடத்துக்கு வந்ததற்கு அது அடையாளம் இல்லை.

எலும்பு முறிந்திருந்தால்தான் பெரிய ஆபத்து. இதைக் கண்டுபிடிக்க, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் ஒரு எளிய விதியை வெளியிட்டார்கள். உலகமெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

[திரையில்: விரலால் அழுத்திக் காட்டுதல்.]

இரண்டு பக்க எலும்பு முனைகளின் பின் ஓரத்தில், நுனியிலிருந்து 6 செ.மீ. உயரம் வரை அழுத்துங்கள். எலும்பிலேயே வலிக்கிறதா? சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் புடைத்திருக்கும் எலும்பு? உள்பக்க வளைவின் மேலே இருக்கும் எலும்பு? அடிபட்டதிலிருந்து நான்கு எட்டுகூட வைக்க முடியவில்லையா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ புதுச்சேரி ஜிப்மரோ, பக்கத்தில் இருப்பதற்குப் போங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள், வலி இல்லை என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள்.

முறிவு இல்லையா? முதல் சில நாள் க்ரேப் பேண்டேஜ், காலைத் தலையணைமேல் உயர்த்தி வைப்பது, துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். சூடான எண்ணெய், அழுத்தி நீவுவது இரண்டும் வேண்டாம்.

அப்புறம் கைரோபிராக்டிக்குக்கு என்ன வேலை? 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டி.டி. பால்மர் தொடங்கிய முறை இது. முதுகெலும்பைத்தான் முக்கியமாகப் பார்த்தார்கள், மற்ற மூட்டுகளுக்கும் செய்கிறார்கள். வீக்கம் வடிந்த பிறகு பலருக்குக் கணுக்கால் இறுகிவிடும். குதிகாலை ஊன்றிக் குந்த முடியாது, படி இறங்கும்போது பிடிக்கும். அப்போது பயிற்சி பெற்ற கை மூட்டை மெதுவாக அசைத்துக் கொடுத்தால் பாதம் மேலே மடங்குவது எளிதாகும். இதையே ஃபிசியோதெரபிஸ்டும் செய்வார். யாரிடம் போனாலும் சரி, முறிவு இருக்கிறதா என்று பார்த்தாரா, வீட்டில் செய்யப் பயிற்சி சொன்னாரா? இரண்டும் இல்லாமல் "பத்து சிட்டிங் வாங்க" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

[திரையில்: சுவர் ஓரம் ஒற்றைக் காலில் நிற்பது.]

ஏனென்றால், ஒருமுறை மடிந்த கால் மறுபடி மடியப் பார்க்கும். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் நாரோடு சேர்ந்து அடிபடுகிறது. அதை யாரும் இழுத்துக் கொடுக்க முடியாது, நாம்தான் பழக்க வேண்டும். வலி குறைந்ததும் சுவரைத் தொட்டபடி அடிபட்ட காலில் 30 விநாடி நில்லுங்கள். பழகியதும் கையை எடுங்கள். பிறகு கண்ணை மூடி முயலுங்கள். நான் தினமும் பல் தேய்க்கும்போது செய்தேன். பல வாரம் கழித்துத்தான் பீச்சுக்குப் போனேன். முதலில் அலை நனைத்த இறுகிய மணலில் நடை. அது வலிக்காமல் பழகிய பிறகுதான் மேலே இருக்கும் பொலபொல மணலில் கால் வைத்தேன்.