ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(ஊட்டச்சத்து ஆய்வாளர் கூட்டம் ஒன்றின் நிறைவு அமர்வில் பேசியது. எழுத்தாக்கும்போது சில இடங்களைத் திருத்தியிருக்கிறேன். மணி அடித்த இடத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட பேராசிரியர் அவர்களே, செவிலியர் தலைவி அம்மா அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, எப்போது சாப்பாடு என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பின்வரிசை மாணவ மாணவியரே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் என்னைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை சொன்னார். அதில் இரண்டு உண்மை. வார்டுகளில் என்னை ‘எடையம்மா’ என்று கூப்பிடுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டதற்கு அவருக்கு நன்றி. கண்காணிப்பாளர் அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். எழுந்து நிற்க முடியாத நோயாளிகளைப் படுத்தபடியே எடை பார்க்கும் கருவி ஒன்று கேட்டு எத்தனை கடிதம் எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை. கடைசியில், கடிதத்தைப் படிக்கிற வேலையாவது மிச்சமாகட்டும் என்று வாங்கிக் கொடுத்துவிட்டார். செவிலியர் தலைவி அம்மா இல்லையென்றால் அந்தக் கருவி இன்னும் அட்டைப்பெட்டிக்குள்தான் இருந்திருக்கும். பேராசிரியர் அவர்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஆனால் அவரே தன்னைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நலிந்தவர்களுக்கான ஊட்டச் சிகிச்சையைப் பற்றி மருத்துவ ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பது தலைப்பு. மூன்று பகுதியாகப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். முதலில் குழந்தைகள். அடுத்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் பெரியவர்கள். மூன்றாவது, பசித்தவர்களை வைத்து ஆய்வு செய்வதில் உள்ள நியாயம், அநியாயம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆற்றோடு போகிற பொருளுக்கு எதற்கு அளவு என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. இந்த வேலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. கொடுப்பது பெரிய காரியமில்லை. எவ்வளவு கொடுத்தோம், அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று தெரிய வேண்டும்.

1933இல், அன்றைய கோல்ட் கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறிய குழந்தைகளைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் தாய்ப்பால் நின்றுபோன குழந்தைகள். அடுத்த குழந்தை பிறந்ததும் முந்தின குழந்தைக்கு வரும் நோய் என்ற பொருளில் அங்கே உள்ள தாய்மார்கள் அதைக் ‘குவாஷியோர்கர்’ என்று சொன்னார்கள். 1935இல் அந்தப் பெயரையே அவர் மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தார். நோய்க்கான காரணமும் அந்தப் பெயருக்குள்ளேயே பாதி இருக்கிறது. தாய்மார்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட ஒரு டாக்டர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

காரணம் தெரிந்ததும் குழந்தைகள் பிழைத்துவிட்டார்களா என்றால், இல்லை. கடுமையான ஊட்டக்குறைவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த குழந்தைகளின் இறப்புக் கணக்கை ஷோஃபீல்ட், ஆஷ்வொர்த் என்ற இருவர் 1996இல் தொகுத்துப் பார்த்தார்கள். 1950களில் நூற்றுக்கு இருபது முப்பது பேர். 1990களிலும் அதே அளவு. மருந்துகள் எவ்வளவோ மாறின, இந்தக் கணக்கு மட்டும் மாறவில்லை. சிகிச்சை தரும் முறையிலேயே பிழை இருக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள்.

என்ன பிழை? குழந்தை எலும்பும் தோலுமாக வருகிறது. பார்க்கிற யாருக்கும் நிறையக் கொடுக்கத்தான் கை போகும். ஆனால் அந்த உடம்பு பல நாளாகக் குறைந்த வரவில் குடித்தனம் நடத்திப் பழகியது. இதயம் சுருங்கியிருக்கும், சிறுநீரகம் சோம்பியிருக்கும். திடீரென்று உணவு வெள்ளமாக வந்தால், ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்லுக்குள் ஓடிவிடும். இதயம் தடுமாறும். இரண்டாம் உலகப் போர் முடிந்து நாஜி வதைமுகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களில் சிலர், விடுதலைக்குப் பிறகு கிடைத்த சாப்பாட்டாலேயே இறந்துபோனார்கள். கொடுத்தவர்கள் இரக்கத்தோடுதான் கொடுத்தார்கள். அளந்து கொடுக்கவில்லை.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் முறையில் முதலில் வருவது எஃப்-75 என்ற பால் கலவை. 100 மில்லிக்கு 75 கிலோ கலோரி. புரதமும் உப்பும் குறைவு. தொடக்கத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். உடம்பு தேறியதும், அதே 100 மில்லியில் 100 கிலோ கலோரி உள்ள எஃப்-100. இரும்புச் சத்துகூட முதல் நாளே கிடையாது, எடை ஏறத் தொடங்கிய பிறகுதான். எடையைத் தினமும் பார்க்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வீங்கியிருக்கும் குழந்தைக்கு முதல் சில நாள் எடை குறையும். வீக்கம் வற்றுகிறது, நல்ல செய்தி. இது தெரியாத தாய் அழுவாள். எடையே பார்க்காத வார்டில் அழவும் ஆளில்லை, சிரிக்கவும் ஆளில்லை.

அப்புறம் 1990களின் பிற்பகுதியில் பிரான்ஸைச் சேர்ந்த ஆந்த்ரே பிரியாந்த் முதலானவர்கள் நிலக்கடலை விழுது, பால்பொடி, எண்ணெய், சர்க்கரை, சத்துக்கள் கலந்த பொட்டலத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரு பொட்டலம் 92 கிராம், 500 கிலோ கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம் என்பதால் கிருமி பெருகும் பயம் குறைவு. வேறு சிக்கல் இல்லாத குழந்தை வீட்டிலிருந்தே தேறலாம் என்று ஆனது. இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசலாம். ஆனால் எனக்கு அடுத்த வார்டு அவசரம்.

பெரியவர்கள் வார்டு. 1936இல் ஸ்டட்லி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் குடற்புண்ணுக்காக அறுவை செய்துகொண்டவர்களின் கணக்கைப் பார்த்தார். அறுவைக்கு முன்பே உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்தவர்களில் 33 சதவீதம் பேர் இறந்தார்கள். அவ்வளவு இழக்காதவர்களில் 3.5 சதவீதம். கத்தி ஒன்று, எடை வேறு. 1974இல் பட்டர்வொர்த் என்ற இன்னொரு மருத்துவர், ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைப் பட்டினி போடுகின்றன என்று எழுதி, அங்கே நடக்கும் தவறுகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். அந்தப் பட்டியலில் முதல் தவறு என்ன தெரியுமா? உயரத்தையும் எடையையும் குறிக்காமல் விடுவது. ஐம்பது ஆண்டு ஓடிவிட்டது. நம் கேஸ் ஷீட்டுகளில் பத்தை எடுத்துப் பாருங்கள். எடைக்கான கட்டம் சுத்தமாக, வெள்ளையாக இருக்கும்.

இங்கே ஒரு கதை சொல்லியாக வேண்டும். தலைவர் மணியில் கை வைப்பது தெரிகிறது, கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

பல வருடத்துக்கு முன்னால் ஒரு மருத்துவமனையில், பெயர் வேண்டாம், ஓர் ஆய்வில் நான் இளநிலை ஆள். நெஞ்சு நோயோடு மெலிந்த முதியவர்களுக்குத் தினம் இரண்டு ஊட்டப் பொட்டலம் கொடுத்து, எடை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சாப்பிட்டார்களா என்பதற்குச் சாட்சி காலிப் பொட்டலம். மாலையில் நான் கூடையோடு போய் எண்ணி வாங்குவேன். ஒரு பாட்டி இருந்தார். ஆய்விலேயே நம்பர் ஒன் நோயாளி. பொட்டலத்தைக் கடைசிச் சொட்டு வரை வழித்து, நீள வாட்டில் இரண்டாக மடித்து, தலையணைக்கு அடியில் வைத்து, நான் போனதும் எடுத்து நீட்டுவார். என் தாளில் அவருக்கு நூற்றுக்கு நூறு.

எடை மட்டும் ஏறவில்லை. முதல் வாரம் 36.4. இரண்டாம் வாரம் 36.1. மூன்றாம் வாரம் 35.8. எங்கள் தலைமை ஆய்வாளர் சொன்னார், மெஷின் சரியில்லை என்று. ஆள் வந்து மின்கலத்தை மாற்றினார். பத்து கிலோ எடைக்கல்லை வைத்தோம், பத்து காட்டியது. இரண்டு வைத்தோம், இருபது. தலைமை ஆய்வாளருக்கு நம்பிக்கை வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவரே ஏறினார். 91. இறங்கினார். மூக்குக்கண்ணாடியையும் பேனாவையும் என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினார். 91. “பார்த்தீர்களா, நான் சொல்லவில்லை? மெஷின் கெட்டுத்தான் போயிருக்கிறது” என்றார்.

மெஷினை மாற்றினோம். பாட்டி 35.6. ரத்தம் எடுத்தோம், பூச்சி இருக்கிறதா என்று பார்த்தோம், தைராய்டு பார்த்தோம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் கண்டுபிடித்தவர் வார்டு துடைக்கும் அக்கா. “நீங்க எல்லாரும் மத்தியானம் சாப்பிடப் போயிடறீங்க. அந்த நேரம் வராந்தாவுல வந்து பாருங்க” என்றார்.

போய்ப் பார்த்தேன். பார்வையாளர் நேரம். தூணுக்குப் பின்னால் பாட்டியின் மகள் நின்றிருந்தாள். தரையில் நான்கு வயதுப் பேரன். பொட்டலத்தின் மூலையைக் கடித்து, இரண்டு கையாலும் பிதுக்கிப் பிதுக்கிச் சப்பிக்கொண்டிருந்தான். முடிந்ததும் பாட்டி வாங்கினார். நீள வாட்டில் மடித்தார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. “ஏன் பாட்டி இப்படிப் பண்றீங்க?” என்றேன். “எனக்கு ஏறி என்னம்மா ஆகப்போகுது, அவனுக்கு ஏறட்டும்” என்றார். பையனின் கையைப் பிடித்து அளவு நாடாவைச் சுற்றினேன். மேல்கைச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையான ஊட்டக்குறைவு. நாடா 112இல் நின்றது. எங்கள் வார்டின் மிக மோசமான நோயாளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். அவன் பெயர் எங்கள் எந்தத் தாளிலும் இல்லை.

பையனைக் குழந்தைகள் பிரிவில் சேர்த்தோம். அன்று மாலை பாட்டி முதல் தடவையாகத் தன் பொட்டலத்தைத் தானே சாப்பிட்டார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, “ரொம்ப இனிப்பாயிருக்கு” என்றார். மூன்று வாரமாக அதன் ருசியே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

காலிப் பொட்டலம் பொய் சொன்னது. என் தாளும் பொய் சொன்னது. உண்மையைச் சொன்ன எடை மெஷினைத்தான் நாங்கள் பழுது பார்க்க அனுப்பினோம்.

இந்தப் பாட்டியை நினைத்துக்கொண்டுதான் ஜார்க்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வைப் படித்தேன். 2023இல் வெளியானது. காசநோயாளிகளின் குடும்பங்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, நோயாளிகளுக்கு இரண்டிலும் உணவு கொடுத்தார்கள். குடும்பத்தாருக்கு மட்டும் ஒரு பிரிவில் உணவுப் பை, மறு பிரிவில் கிடையாது. பை வாங்கிய குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 39 சதவீதம் குறைந்தது. ஒரு தட்டு யார் யாருக்கு என்பதை வீடு தனக்குத்தானே முடிவு செய்துகொள்ளும். நாம் எழுதும் சீட்டு அதைக் கேட்காது.

ஆஸ்பத்திரிக்குள் ஊட்டச் சிகிச்சை பலிக்குமா என்று கேட்கிறவர்களுக்கு ஸ்விட்சர்லாந்தின் ‘எஃபர்ட்’ ஆய்வு பதில் சொல்கிறது. 8 மருத்துவமனைகள், 2000 பேருக்கு மேல், 2019இல் வெளிவந்தது. ஊட்டக்குறைவு அபாயம் உள்ளவர்களைச் சலித்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் இவ்வளவு கலோரி, இவ்வளவு புரதம் என்று இலக்கு வைத்துக் கொடுத்தார்கள். 30 நாளில் இறப்பு, வழக்கமான சாப்பாட்டுப் பிரிவில் நூற்றுக்குப் பத்து, இலக்கு வைத்த பிரிவில் ஏழு. அந்தச் சலித்தெடுத்தல் எதில் தொடங்குகிறது? எடையில். அண்மையில் எவ்வளவு குறைந்தது என்ற கேள்வியில்.

உடனே எல்லோருக்கும் குழாய் போட்டு ஊற்றிவிடாதீர்கள். 2011இல் பெல்ஜியத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 4640 பேரிடம் பார்த்தார்கள். ரத்தக்குழாய் வழி ஊட்டத்தை முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கியவர்களைவிட, ஒரு வாரம் பொறுத்துத் தொடங்கியவர்களுக்குத் தொற்று குறைவு, சீக்கிரமும் தேறினார்கள். ஆற்றிலேயே அளந்து போட வேண்டும் என்றால், ரத்தக்குழாயில் எப்படிப் போட வேண்டும்!

(மணி.)

மூன்றாவது பகுதி இருக்கிறது. பசித்தவரிடம் ஒரு கையில் உணவையும் மறு கையில் ஒப்புதல் படிவத்தையும் நீட்டினால் அது ஒப்புதலா என்ற கேள்வி. மலாவியில் கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்து கொடுத்து, ஆன்டிபயாடிக் உயிர் காக்கிறது என்று 2013இல் காட்டினார்கள். 2016இல் நைஜரில் அதே மருந்தால் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தப் போலி மருந்தைப் பற்றி நான் எழுதி வந்த மூன்று பக்கம் பையிலேயே இருக்கட்டும். தலைவர் இன்னொரு மேடை கொடுத்தால் பேசுகிறேன்.

கோரிக்கையை மட்டும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஒவ்வொரு நோயாளிக்கும் எடை. வாரம் ஒருமுறை மறுபடி எடை. திரும்பி வரும் தட்டில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு வரி. கூட வந்திருக்கும் குழந்தையின் கைக்கு ஒரு நாடா. தீர்மானத்தின் நகல் உங்கள் இருக்கைகளில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

வாசலில் எடை மெஷின் ஒன்று வைத்திருக்கிறோம். சாப்பாட்டுக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதலில் ஏற ஒப்புக்கொண்டிருக்கிறார். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது, காலையில் எடைக்கல் வைத்துப் பார்த்துவிட்டேன்.