திராவையேஸ், திராவையேர்

வணக்கம் நேயர்களே. பிரான்ஸில் ஒரு வங்கி ஊழியர் ஆறு முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்றார், ஆறு முறையும் தோற்றார். அவரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். பெயர் ஆர்லெட் லாகியே. அங்கே பலருக்கும் அவர் வெறும் ஆர்லெட்தான், பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவது போல.

1940-இல் பிறந்தவர். 16 வயதில் கிரெடி லியோனே என்ற பெரிய வங்கியில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தார். நானும் தட்டச்சராக வங்கிக்குள் நுழைந்தவள், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க மேலாளரின் கடிதத்தை அடிப்போம். விரலெல்லாம் கார்பன் மை. கையெழுத்து அவருடையது, தாளின் இடது கோடியில், பொடி எழுத்தில், நம் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். அதையும் யாரும் படிக்கமாட்டார்கள். அப்படி ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவர் ஆர்லெட்.

1974 தொடக்கத்தில் அவருடைய வங்கியில் பெரிய வேலைநிறுத்தம். முன்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டு மே மாதம் ஜனாதிபதித் தேர்தல். ‘தொழிலாளர் போராட்டம்’ என்று பொருள்படும் லுத் உவ்ரியேர் என்ற டிராட்ஸ்கிய இயக்கம், அதாவது ரஷ்யப் புரட்சியாளர் டிராட்ஸ்கியின் வழி நடக்கும் கம்யூனிஸ்ட் இயக்கம், அவரை நிறுத்தியது. அந்தப் பதவிக்குப் போட்டியிட்ட முதல் பெண் அவர்தான். வயது 34. கிடைத்தது 2.33 சதவீதம்.

சரி, எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். அவர் பேச்சைத் தொடங்கும் விதம். “திராவையேஸ், திராவையேர்!” பெண் தொழிலாளர்களே, ஆண் தொழிலாளர்களே என்று பொருள். தமிழில் ‘தொழிலாளர்களே’ என்றால் எல்லாரும் அதற்குள் வந்துவிடுவார்கள். பிரெஞ்சில் ஆண்பால் வேறு, பெண்பால் வேறு. ஆண்பாலைச் சொன்னாலே போதும், பெண்களும் அதில் அடக்கம் என்பது இலக்கணம். அவர் இரண்டையும் சொன்னார், பெண்பாலை முதலில் சொன்னார். முதலில், கவனியுங்கள்! முப்பது வருஷத்துக்கும் மேலாக அதே இரண்டு சொற்கள். தொலைக்காட்சியில் அவரைப் போல பொம்மை செய்து கேலி செய்தார்கள். அவரோ அடுத்த மேடையிலும் அப்படியே தொடங்கினார்.

1995-இல் 5.3 சதவீதம். 2002-இல் 5.72, அதாவது பதினாறு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள். பிடிவாதத்துக்கு விழுந்த வாக்குகள் என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் கேட்ட புரட்சியை அத்தனை பேரும் விரும்பினார்களா, சந்தேகம்தான். பணிக்காலம் முழுக்க அதே வங்கியின் ஊழியராகவே இருந்து ஓய்வு பெற்றார் என்பதையும் சொல்லவேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தானாம். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 1999 முதல் 2004 வரை இருந்த கதையை விட்டுவிடுகிறேன். பிரான்ஸில் முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காவிட்டால், முன்னணியில் வந்த இருவர் மட்டும் இரண்டாம் சுற்றில் மோதுவார்கள். 2002-இல் அப்படி மோதியவர்கள் அப்போதைய ஜனாதிபதியான வலதுசாரி சிராக்கும் தீவிர வலதுசாரி லெ பென்னும். இடதுசாரிகளில் பலர் மனமில்லாமலே சிராக்கை ஆதரித்தார்கள். ஆர்லெட் மறுத்துவிட்டார். திட்டு வாங்கினார். எனக்கும் அது சரியென்று படவில்லை, ஏன் என்று சொல்ல நேரமில்லை. ஆனால் 2007-இல், அவருடைய கடைசித் தேர்தலில், இரண்டாம் சுற்றில் சோஷலிஸ்ட் வேட்பாளர் செகோலேன் ரோயாலுக்கு வாக்களிக்கச் சொன்னார். அப்புறம் நத்தாலி அர்த்தோ என்ற ஆசிரியை அவர் இடத்துக்கு வந்தார். அவரும் பள்ளிக்கூட வேலையை விடவில்லை. நன்றி, வணக்கம்.