பாறையோட தோல்தான் முடிவு பண்ணுது: நிலத்தடியில கார்பன் டை ஆக்சைடு எப்படி நிக்குது?

வணக்கம். இன்னைக்கு மேசை மேல ரெண்டு கண்ணாடித் துண்டு வெச்சிருக்கேன். இருங்க, கேமராவைக் கொஞ்சம் இறக்குறேன்... இப்ப தெரியுதா? ரெண்டும் ஒரே கண்ணாடியில வெட்டினது. ரெண்டையும் சோப்பு போட்டுக் கழுவி, ஆல்கஹால்ல துடைச்சுக் காய வெச்சேன். வலது பக்கத் துண்டை மட்டும், நெத்தியைத் தொட்ட விரலால ஒரே ஒரு தடவை தடவினேன். அவ்வளவுதான்.

இப்ப ரெண்டுலயும் ஒரு சொட்டுத் தண்ணி விடுறேன். இடது பக்கம் பாருங்க, அப்படியே பரவிருச்சு. வலது பக்கம் குவிஞ்சு நிக்குது. அதே கண்ணாடி, அதே தண்ணி. நடுவுல வந்தது கண்ணுக்கே தெரியாத எண்ணெய்ப் பூச்சு ஒண்ணுதான். இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கங்க, வீடியோ முழுக்க இதைப் பத்தித்தான் பேசப்போறேன்.

ஆலைகள்ல இருந்து பிடிச்ச கார்பன் டை ஆக்சைடை நிலத்துக்கு அடியில செலுத்துறாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. பெரிய குகை மாதிரி ஏதோ இருக்கும், அதுல நிரப்பி மூடிடுவாங்கன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். உண்மையில அது போறது மணற்பாறைக்குள்ள. மணல் துகள்களுக்கு நடுவுல இருக்கிற நுண்துளைகள்தான் இடம். அந்தத் துளைகளும் காலியா இல்லை, பழைய உப்புநீர் ஏற்கெனவே நிறைஞ்சு இருக்கு. அந்தத் தண்ணியைத் தள்ளிட்டுத்தான் கார்பன் டை ஆக்சைடு உள்ள போகணும்.

பொதுவா 800 மீட்டருக்குக் கீழதான் செலுத்துவாங்க. 31 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் சுமார் 74 பார் அழுத்தத்தையும் தாண்டினா கார்பன் டை ஆக்சைடு வாயுவும் இல்லாம திரவமும் இல்லாம ஒரு நிலைக்குப் போயிடும். திரவம் மாதிரி அடர்த்தி, வாயு மாதிரி நழுவுற தன்மை. கொஞ்ச இடத்துல நிறைய அடங்கும். நார்வே, வடகடல்ல ஸ்லைப்னர்ங்கிற இடத்துல 1996-ல இருந்து இப்படிச் செலுத்துறாங்க, பல வருஷம் வருஷத்துக்கு 10 லட்சம் டன் அளவுக்கு. ஆக, இது காகிதத்துல மட்டும் இருக்கிற யோசனை இல்லை.

ஆனா எவ்வளவுதான் அமுக்கினாலும் அது உப்புநீரை விட லேசு. அதனால மேல ஏறப் பார்க்கும். மேல போகாம பிடிச்சு வைக்கிறது எது? "மேல கெட்டியான பாறை இருக்கே"ன்னு சொல்லுவீங்க. அந்தக் கெட்டிப் பாறையிலயும் துளை இருக்குங்க. களிமண் இறுகி உண்டான மூடுபாறையிலயும் துளை இருக்கு, ரொம்பச் சின்னது, அவ்வளவுதான். அந்தத் துளைக்குள்ள தண்ணி இருக்கு. அந்தத் தண்ணி பாறையை விடாம பிடிச்சிருக்கு. கதவை அடைச்சு நிக்கிறது அந்தப் பிடிதான்.

தாமரை இலைத் தண்ணீர் மாதிரி ஒட்டாம இருக்கான்னு சொல்றோம்ல? பாறையும் தண்ணியும் அதுக்கு நேர் எதிரா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடக்கணும். கார்பன் டை ஆக்சைடு மட்டும் தாமரை இலைமேல தண்ணி மாதிரி ஒட்டாம நிக்கணும். தண்ணிச் சொட்டோட ஓரம் பாறையைத் தொடுற இடத்துல உண்டாகிற கோணத்தைத் தொடுகோணம்னு சொல்றாங்க. சுழியத்துக்குப் பக்கம்னா தண்ணி நல்லாப் பரவுது. 90-ஐத் தாண்டினா பாறை தண்ணியை விட்டுட்டு கார்பன் டை ஆக்சைடு பக்கம் சாய்ஞ்சிருச்சுன்னு அர்த்தம்.

ஒரு சின்னக் கணக்கு போடுறேன், ஏன்னா இந்த இடத்துலதான் எனக்கே விஷயம் உறைச்சது. துளைக்குள்ள நுழையத் தேவையான அழுத்தம்னா பரப்பு இழுவிசையை, அதாவது தண்ணிக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் நடுவுல இருக்கிற எல்லை சுருங்கப் பார்க்கிற விசையை, ரெண்டால பெருக்கி, தொடுகோணத்தோட கொசைனால பெருக்கி, துளையோட ஆரத்தால வகுக்கணும். அந்த ஆழத்துல தண்ணிக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் நடுவுல இழுவிசை மீட்டருக்கு சுமார் 0.03 நியூட்டன். தண்ணி முழுசாப் பரவுதுன்னு வெச்சுக்குவோம். மணற்பாறையில 10 மைக்ரான் ஆரத் துளைன்னா 0.06 பார் போதும், சுலபமா உள்ள போயிடும். மூடுபாறையில 10 நானோமீட்டர் ஆரத் துளைன்னா 60 பார் வேணும். ஆயிரம் மடங்கு! உப்புநீருக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் கன மீட்டருக்கு 400 கிலோ அடர்த்தி வித்தியாசம்னா, சுமார் 1500 மீட்டர் உயரத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு தேங்கி நின்னாலும் அந்த மூடி தாங்கும்.

இப்ப துளையைத் தொடாதீங்க, கோணத்தை மட்டும் மாத்துங்க. 60 டிகிரி ஆனா தாங்குற உயரம் பாதியாயிடும். 90 ஆனா சுழியம். அதே பாறை, அதே தடிமன், அதே துளை, ஆனா அந்தப் பிடி மட்டும் போயிடுச்சு. அதுக்கப்புறம் பாறை எவ்வளவு மெதுவா கசிய விடுதுங்கிறதை மட்டும்தான் நம்பணும்.

இன்னொரு பிடிப்பு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். செலுத்துறதை நிறுத்தினதும் கார்பன் டை ஆக்சைடு மெல்ல மேல நகரும், பின்னாடியே தண்ணி திரும்பி வரும். தண்ணி விரும்புற பாறைன்னா, அது துளையோட சுவர் ஓரமாவும் மூலைகள்லயும் படலமாப் பரவி, குறுகலான கழுத்துப் பகுதியில தடிச்சு, நடுவுல போயிட்டிருக்கிற கார்பன் டை ஆக்சைடு இழையைத் துண்டிச்சிடும். துண்டான ஒவ்வொண்ணும் ஒரு துளைக்குள்ள குமிழாச் சிக்கிக்கும். மேல மூடியே இல்லைன்னாலும் அந்தக் குமிழ் நகராது. அப்புறம் நிதானமா தண்ணியில கரையும், கரைஞ்ச தண்ணி கொஞ்சம் கனமாகி கீழ இறங்கும். கார்பன் டை ஆக்சைடை விரும்புற பாறைன்னா இந்தத் துண்டிப்பு சரியா நடக்காது, அது சுவரை ஒட்டி ஒரே தொடராப் போயிட்டே இருக்கும்.

சரி, பாறை எதனால மனசு மாறுது? மணல்ல பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. கண்ணாடிக்கும் அதுதான் அடிப்படை, அதனாலதான் கண்ணாடியை எடுத்தேன். அதோட மேற்பரப்புல ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதிகள் இருக்கு, தண்ணி அதைப் பிடிச்சுக்கும். ஆனா நிலத்தடியில பல கோடி வருஷமாக் கிடந்த பாறை சுத்தமா இருக்காது. பழைய உயிரிகள்ல இருந்து வந்த கரிம அமிலங்கள் துளி அளவுல இருந்தாலே பாறைமேல ஒட்டி கோணத்தை ஏத்திடும். என் விரல் எண்ணெய் மாதிரியேதான். ஒரு காலத்துல எண்ணெய் தேங்கியிருந்த சுண்ணாம்புப் பாறைகள்ல இது இன்னும் அதிகம். உப்பு கூடினாலும், அழுத்தம் கூடினாலும் கோணம் ஏறுதுன்னு பல சோதனைகள் காட்டுது. கார்பன் டை ஆக்சைடும் சும்மா இருக்காது. தண்ணியை அமிலமாக்கி, சிலிக்காவோட மேற்பரப்பு மின்சுமையைக் குறைச்சு, பாறையை மூடியிருக்கிற தண்ணிப் படலத்தை மெலிய வெச்சிடுது.

இப்ப என் ஆதங்கத்துக்கு வர்றேன். ஒரே குவார்ட்ஸுக்கு ஒரு ஆய்வகம் கிட்டத்தட்ட சுழியம்னு சொல்லும், இன்னொண்ணு 60, 70-ன்னு சொல்லும். கற்களை எப்படிக் கழுவினாங்கங்கிறதே அதுக்கு ஒரு பெரிய காரணம். சரியாக் கழுவாத கல் ஆய்வக அழுக்கோட கோணத்தைக் காட்டும். பளிச்சுனு கழுவின கல், நிலத்தடியில அது மேல இருந்த பூச்சையே தொலைச்சிட்டு நிக்கும். ரெண்டுமே கீழ இருக்கிற பாறை இல்லை. துளையிட்டு எடுத்த பாறையை, அதோட சொந்த உப்புநீரோட, அந்த ஆழத்து அழுத்தத்துலயும் வெப்பத்துலயும் வெச்சு அளக்கணும். பாறையை உடைக்காமலே உள்ள இருக்கிறதைப் படம் எடுக்கிற எக்ஸ்ரே நுண்வரைவி வெச்சு, துளைக்குள்ளயே குமிழ் எப்படி நிக்குதுன்னு பார்த்துக் கோணத்தை எடுக்கவும் முடியுது. செலவு கூடத்தான், நேரமும் ஆகும். ஆனா நூற்றுக்கணக்கான வருஷம் நிக்கணும்னு ஒண்ணைப் புதைக்கிறோம், இதுல சிக்கனம் பார்க்கிறதை என்னால ஏத்துக்க முடியலை.

எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் பாறை இதுல தனி ரகம். ஐஸ்லாந்துல கார்ப்ஃபிக்ஸ் திட்டத்துல கார்பன் டை ஆக்சைடைத் தண்ணியில கரைச்சே உள்ள அனுப்புறாங்க. 2012-ல செலுத்தினதுல 95 சதவீதத்துக்கு மேல ரெண்டே வருஷத்துக்குள்ள கல்லாயிடுச்சுன்னு 2016-ல அறிவிச்சாங்க. அங்க குமிழே இல்லை, மேல ஏறுற பிரச்சினையும் இல்லை. பாறை மேற்பரப்பு எவ்வளவு வேகமா வினை புரியுதுங்கிறதுதான் அங்க கேள்வி. அதுக்குத் தனி வீடியோ வேணும்.

மறுபடி கண்ணாடிக்கு வருவோம். வலது பக்கத் துண்டை ஆல்கஹால்ல துடைச்சுட்டேன். ஒரு சொட்டு விடுறேன்... பாருங்க, பரவுது. அடுத்த தடவை சுண்ணாம்புக்கல் துண்டு ஒண்ணை ரெண்டா அறுத்து, பாதியை எண்ணெயில ஊற வெச்சு, இதே சொட்டை அதுல விட்டுப் பார்க்கிறேன். ஊறுறதுக்கு சில வாரம் ஆகும், அதுவரைக்கும் பொறுத்துக்கங்க.