சம்பளப் பட்டியலும் துப்பாக்கியும்

அவையோருக்கு வணக்கம்.

2014 நவம்பர். மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் நாட்டின் கெனமா நகரம். எபோலா ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்த நேரம். இறந்தவரின் உடலைத் தொட்டாலே நோய் தொற்றும் என்பதால் அடக்கம் செய்வதற்கென்றே தனிக் குழுக்கள் வைத்திருந்தார்கள். ஒருநாள் அந்தக் குழுவினர் பதினைந்து உடல்கள் வரை கொண்டுவந்து பொதுவெளியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மூன்று உடல்கள் மருத்துவமனை வாசலிலேயே கிடந்தன. காரணம் இவ்வளவுதான்: அக்டோபர், நவம்பர் இரண்டு மாதத்து இடர்ப்படி அவர்கள் கைக்கு வரவில்லை.

பணம் இல்லையா? உலகமே எபோலாவுக்காகப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. தலைநகரிலிருந்து மாவட்டத்துக்கு அனுப்பியாகிவிட்டது, நடுவில் எங்கே போனது என்று விசாரிக்க வேண்டும் என்றார் அரசுத் தரப்புப் பேச்சாளர். உடல்களை அப்படிப் போட்டவர்களை வேலையை விட்டு நீக்கினார்கள்.

இன்று எனக்குத் தந்த தலைப்பு ‘நலிந்த நாடுகளில் பாதுகாப்பும் வளர்ச்சியும்’. வல்லரசுப் போட்டி, ஆயுதக் கடத்தல், அமைதிப்படை என்று இதில் எத்தனையோ உண்டு. அவற்றையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு நான் ஒரே ஒரு காகிதத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். சம்பளப் பட்டியல்.

அதற்கு முன் ‘நலிந்த நாடு’ என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 1990-களில் ‘தோற்றுப்போன அரசு’ என்றுதான் சொன்னார்கள். வசை மாதிரி இருக்கிறதே என்று பிறகு மெல்ல மாற்றிக்கொண்டார்கள். உலக வங்கி ஆண்டுதோறும் ஒரு பட்டியலே போடுகிறது. பட்டியலில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை, யாருக்குத்தான் பிடிக்கும்? அவர்களில் சிலர் 2010-இல் கிழக்குத் திமோரின் தலைநகர் டிலியில் கூடித் தங்களுக்கென்று ஓர் அணி அமைத்துக்கொண்டார்கள். பெயர் ‘ஜி7 பிளஸ்’. பணக்கார நாடுகளின் ஜி7 காதில் விழட்டும் என்று வைத்த குறும்பு என்றே எனக்குப் படுகிறது.

சரி, சம்பளப் பட்டியலுக்கு வருவோம். அரசு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதைச் சாதாரண மனிதன் எதை வைத்துத் தெரிந்துகொள்கிறான்? பள்ளிக்கு ஆசிரியர் வருகிறாரா, ஆஸ்பத்திரியில் நர்ஸ் இருக்கிறாரா, காவல் நிலையத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறான். மூன்று பேரும் மாதச் சம்பளத்துக்கு வருகிறவர்கள். சம்பளம் வராவிட்டால் ஒரு மாதம் பொறுப்பார்கள், இரண்டு மாதம் பொறுப்பார்கள். மூன்றாம் மாதம் ஆசிரியர் டாக்சி ஓட்டப் போவார். நர்ஸ் மருந்தை வெளியே விற்பார். போலீஸ்காரர் சாலையின் குறுக்கே கயிற்றைக் கட்டி வருகிற வண்டிகளை நிறுத்துவார். அவரிடம் துப்பாக்கி இருக்கிறது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

காங்கோவில் இதற்கு ஒரு பெயரே உண்டு. ‘பதினைந்தாம் பிரிவு’ என்பார்கள். அரசியல் சட்டத்தில் இல்லாத பிரிவு, மக்கள் கிண்டலாக இயற்றிக்கொண்டது. ‘உன் பாட்டை நீயே பார்த்துக்கொள்’ என்பது அதன் வாசகம். சர்வாதிகாரி மொபுட்டு ஆண்ட 32 வருடமும் அந்த நாட்டில் உண்மையாக அமலில் இருந்த சட்டம் அது ஒன்றுதான் என்று தோன்றும். அங்கே சிப்பாய்க்குச் சம்பளம் எப்படிப் போனது தெரியுமா? ரொக்கமாக, மூட்டை கட்டி, தளபதியிடம் போகும். அவர் எடுத்தது போகக் கீழே போகும். அங்கே ஒரு கை, அதற்கும் கீழே ஒரு கை. கடைசியில் நிற்கும் சிப்பாய்க்கு மிச்சம் மீதி. அவன் அந்தக் குறையை எங்கே ஈடுகட்டுவான்? பக்கத்துக் கிராமத்தில்.

2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் ராணுவச் சீர்திருத்தத்துக்காக ஒரு சிறு குழுவை அங்கே அனுப்பியது. படையில் 3 லட்சம் பேருக்கு மேல் இருப்பதாகத் தாளில் கணக்கு. ஆளை நேரில் நிறுத்திக் கைரேகை எடுத்து எண்ணினார்கள். பாதிகூடத் தேறவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டுச் சிப்பாய் போருக்கு உதவ மாட்டான், ஆனால் அவன் பெயரில் வரும் சம்பளம் தளபதிக்கு நன்றாகவே உதவும். அந்தக் குழு கொண்டுவந்த மாற்றத்தை ஒரு வரியில் சொல்லலாம்: கட்டளையிடுகிறவர் கையில் பட்டுவாடா இருக்கக் கூடாது. கோடிக்கணக்கில் செலவான எத்தனையோ திட்டங்களைவிட இந்த ஒரு வரிக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

இந்த நோய் காங்கோவுக்கு மட்டும் உரியதல்ல. 2014 ஜூனில் இராக்கின் மோசுல் நகரம் ஒரு சில நாட்களில் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் கையில் விழுந்தது. இவ்வளவு பெரிய படை எப்படிக் கரைந்தது என்று உலகம் மூக்கில் விரல் வைத்தது. அந்த நவம்பரில் இராக் பிரதமர் அபாதி நாடாளுமன்றத்திலேயே சொன்னார்: 50,000 பேர் பட்டியலில் மட்டும் இருந்தவர்கள். ஆப்கானிஸ்தானில் 3 லட்சம் பேர் கொண்ட படை என்றார்கள். காபூல் விழுந்த பிறகு, முன்னாள் நிதியமைச்சரே அதில் பெரும்பாலோர் இல்லவே இல்லை என்றார்.

பட்டியலில் இல்லாத ஆளைச் சேர்ப்பது ஒரு வகை. இருக்கும் ஆளின் பெயரை ஒரே நாளில் அடித்துவிடுவது இன்னொரு வகை. 2003 மே 23 அன்று அமெரிக்க நிர்வாகம் இராக் ராணுவத்தைக் கலைத்து ஆணையிட்டது. சுமார் 4 லட்சம் பேர். ஆயுதப் பயிற்சி பெற்றவர்கள், வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், அடுத்த மாதம் அடுப்பு எரிய வழியில்லாதவர்கள். பாக்தாதில் அவர்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், அமெரிக்கப் படை சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். அதன்பிறகுதான் உதவித்தொகை தருவதாக அறிவிப்பு வந்தது. ஒரு மாதத் தாமதம். அந்த ஒரு மாதத்தில் எத்தனை அதிகாரிகள் எந்தப் பக்கம் போனார்கள் என்பதை அடுத்த பத்தாண்டு இராக் காட்டியது.

இனி வார்தக் மாகாணத்துக் கதை. எனக்கு மிகவும் பிடித்தது. ஆப்கானிஸ்தான், 2009. ஐம்பது போலீஸ்காரர்கள் அளவில் ஒரு சோதனை. சம்பளத்தை மேலதிகாரி வழியாக ரொக்கமாகத் தராமல், ஒவ்வொருவரின் கைபேசிக்கும் நேராக அனுப்பினார்கள். குறுஞ்செய்தி வரும், முகவரிடம் போய்க் காட்டிப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவை பணத்தை எண்ணிப் பார்த்த பலருக்கும் ஒரே சந்தோஷம்: அரசு சம்பளத்தை 30 சதவீதம் உயர்த்திவிட்டது! யாரும் எதையும் உயர்த்தவில்லை. முழுச் சம்பளத்தை அவர்கள் அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார்கள். ஒரு மேலதிகாரிக்கு இது பொறுக்கவில்லை. தன் ஆட்களின் கைபேசிகளைப் பிடுங்கிக்கொண்டு, தானே போய் எல்லார் சம்பளத்தையும் எடுக்கப் பார்த்தார். அவர் கோபத்தை யோசித்துப் பாருங்கள். அவருக்கு அது திருட்டாகவே தெரிந்திருக்காது, காலங்காலமாக வந்த வரும்படி.

இவ்வளவு தெரிந்தும் கொடையாளர் நாடுகள் ஏன் சம்பளத்தில் கவனம் வைப்பதில்லை? பள்ளிக் கட்டடம் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், நாடா வெட்டலாம். ஆசிரியர் சம்பளத்துக்குக் கல்வெட்டை எங்கே பதிப்பது? அதோடு, சம்பளம் என்றால் முடிவே இல்லாத செலவு. கட்டடம் ஒரு தடவையோடு போயிற்று. இதில் விதிமுறைச் சிக்கலும் உண்டு. எதை வளர்ச்சி உதவி என்று கணக்குக் காட்டலாம் என்பதற்குப் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி வைத்திருக்கும் விதிகளில் ராணுவத் தளவாடம் சேராது. நியாயமான விதிதான். ஆனால் அதன் நிழல் எல்லாச் சீருடைகள் மேலும் விழுகிறது. ஆப்கன் போலீசுக்குச் சம்பளம் தர 2002-இல் ஐநா வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தனி நிதியம் திறக்க வேண்டியிருந்தது. ஆசிரியர்களுக்கும் மற்ற ஊழியர்களுக்கும் உலக வங்கி நிர்வகித்த வேறொரு நிதியம்.

வெளிநாட்டு நிறுவனங்கள் நேரடியாக ஆள் எடுக்கும்போது இன்னொரு கூத்து நடக்கும். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் அந்த நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தால் பல மடங்கு வாங்குவார். அவரைக் குறைசொல்ல முடியுமா? அரசைப் பலப்படுத்த வந்த பணமே அரசின் நல்ல ஆட்களை உருவிக்கொண்டு போகிறது.

பட்டுவாடா நின்றால் என்ன ஆகும் என்பதை ஏமன் காட்டியது. 2016 செப்டம்பரில் மத்திய வங்கியை, ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் பிடித்திருந்த தலைநகர் சனாவிலிருந்து அரசின் கையிலிருந்த ஏடனுக்கு மாற்றினார்கள். போரில் அது அரசுத் தரப்பின் உத்தி. விளைவு, நாடு முழுவதும் இருந்த சுமார் 12 லட்சம் அரசு ஊழியர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் நின்றது. சனாவில் குப்பை அள்ளுகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தண்ணீர், சாக்கடை ஊழியர்களும் சம்பளம் பார்க்கவில்லை. 2017 ஏப்ரலில் காலரா மறுபடி கிளம்பியது. அந்த ஆண்டு முடிவதற்குள் சந்தேகத்துக்குரிய நோயாளிகள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். குண்டுவீச்சைப் படம் பிடிக்கலாம். வராத சம்பளத்தைப் படம் பிடிக்க முடியாது, அதனால் செய்தியில் அது வருவதில்லை.

இந்த இடத்தில் வன்னியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இலங்கைப் போர்க்காலத்தில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அரச அதிபர் (நம் மாவட்ட ஆட்சியர் மாதிரி) இருந்தார், அவருடைய அலுவலகமான கச்சேரி இயங்கியது, ஆசிரியர் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. ஒரே நிலத்தில் இரண்டு அதிகாரங்கள் மோதிக்கொண்டிருந்தபோதும் பட்டியல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை யார் யார் என்னென்ன கணக்கில் அனுமதித்தார்கள் என்பது தனிச் சொற்பொழிவுக்குரிய விஷயம். பள்ளிகள் திறந்திருந்தன என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

சம்பளம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். தெற்கு சூடானைப் பாருங்கள். 2006 ஜூபா உடன்பாட்டில் எதிர்ப் படைகளையெல்லாம் ஒரே படையில் சேர்த்து, எல்லாரையும் சம்பளப் பட்டியலில் ஏற்றினார் அதன் தலைவர் சல்வா கீர். துப்பாக்கிக்குப் பதில் சம்பளம். அப்போதைக்கு அது அமைதியைத் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் சிப்பாயின் விசுவாசம் அரசிடம் வரவில்லை, தன்னைப் பட்டியலில் சேர்த்த தளபதியிடமே தங்கிவிட்டது. 2011 ஜூலையில் நாடு பிறந்தபோது அரசு வருமானத்தில் ஏறத்தாழ 98 சதவீதம் எண்ணெயிலிருந்து. குழாய் சூடான் வழியாகப் போகிறது. கட்டணத் தகராறில் 2012 ஜனவரியில் எண்ணெய் எடுப்பதையே நிறுத்தினார்கள். கஜானா வற்றியது. 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர். கீருக்கும் அவருக்குத் துணை அதிபராக இருந்த மச்சாருக்கும் இருந்த போட்டிதான் தீக்குச்சி. ஆனால் பணத்தால் ஒட்டவைத்த படையில் பணம் வற்றியதும் ஒட்டு விட்டுப்போயிற்று.

இதற்கு நேர்மாறு சோமாலிலாந்து. 1991-இல் சோமாலியாவிலிருந்து தனியே பிரிந்தது, பல்லாண்டுகள் எந்த நாடும் அங்கீகரிக்கவில்லை. அங்கீகாரம் இல்லாததால் கடனும் இல்லை, பெரிய உதவியும் இல்லை. 1993-இல் போராமா என்ற ஊரில் குலத் தலைவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்கள். அதில் அதிபரான எகால், பர்பரா துறைமுகத்துச் சுங்கத்தையும் வணிகர்களிடம் வாங்கிய கடனையும் வைத்து ஆயுதக் குழுக்களைக் கலைத்துச் சம்பளக்காரர்களாக்கினார். கடன் கொடுத்த வணிகர் சும்மா இருப்பாரா? கணக்குக் கேட்டார், பேரம் பேசினார், அரசில் தன் சொல்லும் எடுபட வேண்டும் என்றார். அங்கே எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை, வணிகர்களுக்குச் சலுகை போனதும் உண்மை. இருந்தாலும் பட்டியலுக்குப் பணம் தந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள், அதனால் கேள்வி கேட்டவர்களும் உள்ளூர்க்காரர்கள்.

திமோரும் அப்படித்தான். 2006-இல் சுமார் 600 சிப்பாய்களைப் படையிலிருந்து நீக்கியதில் தொடங்கிய கலவரம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரை முகாம்களுக்குத் துரத்தியது. அரசு தன் பெட்ரோலிய வருமானத்திலிருந்து வீடிழந்தவர்களுக்கும், நீக்கப்பட்ட சிப்பாய்களுக்கும், பழைய போராளிகளுக்கும் நேராகப் பணம் கொடுத்தது. வெளிநாட்டு நிபுணர்கள் ஊதாரித்தனம் என்றார்கள். முகாம்கள் காலியாயின. 2012 கடைசியில் ஐநா படையும் மூட்டை கட்டியது. என்னைக் கேட்டால், மலிவாக முடிந்த காரியம்.

உலக வங்கியின் 2011 உலக வளர்ச்சி அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் மிக வேகமாக முன்னேறிய நாடுகளுக்கே, ராணுவத்தை அரசியலிலிருந்து விலக்க 17 ஆண்டு, நிர்வாகம் ஓரளவு ஒழுங்காக இயங்க 20 ஆண்டு, ஊழல் கட்டுக்குள் வர 27 ஆண்டு ஆனதாம். கொடையாளர் திட்டங்களோ பெரும்பாலும் மூன்று, நான்கு வருடத்தில் முடிந்துவிடும். குழந்தை தவழும்போதே மதிப்பெண் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

ஆப்கானிஸ்தானில் 20 ஆண்டு இருந்தார்கள். 2021 ஆகஸ்ட் வரை அரசுச் செலவில் முக்கால் பங்கு வெளிநாட்டுப் பணம். தாலிபான் வந்ததும் அது ஒரே நாளில் நின்றது, மத்திய வங்கியின் கையிருப்பையும் முடக்கினார்கள். தாலிபானுக்குப் பணம் போகக் கூடாது என்பது சரி. நர்ஸுக்கு? ஆசிரியைக்கு? யுனிசெஃப் 2022-இல் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதம் மட்டும் சுமார் 1,94,000 பள்ளி ஆசிரியர்களுக்கு மாதம் 100 டாலர் வீதம் கொடுத்தது. போர்க்களத்தில் காயம்பட்டவர்களைக் கவனிக்கத் தொடங்கிய செஞ்சிலுவைச் சங்கம் 33 ஆஸ்பத்திரிகளுக்குச் சம்பளமும் மருந்தும் டீசலும் தந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். தன் நிதி நெருக்கடியில் 2023 ஆகஸ்டோடு நிறுத்திக்கொண்டது. பட்டியல் காபூல் சுகாதார அமைச்சகத்தின் கைக்குப் போயிற்று.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.