நதிமூலம் பார்க்கத்தான் வேண்டும்

மதிப்பிற்குரிய சேகரத்தலைவர் ஐயா அவர்களே, வாசகசாலைச் செயலாளர் அவர்களே, பள்ளித் தாளாளர் அம்மா அவர்களே, வெயிலைப் பாராமல் வந்திருக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரே, எல்லாருக்கும் வணக்கம். சால்வை போர்த்திய பாடகர் குழுத் தலைவருக்குத் தனி நன்றி. யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்க்கச் சொல்கிற ஆள். ஆதித் திருச்சபையின் மூலம் யூத சமயம். இதை வழிபாடு, பண்டிகை, வேதபுத்தகம் என்று மூன்றாகப் பிரித்துப் பேசுகிறேன்.

முதலில் வழிபாடு. ஆண்டவர் இயேசு பிறந்த எட்டாம் நாளில், நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கான விருத்தசேதனம் பெற்றவர். ஓய்வுநாளில் நாசரேத்து ஜெப ஆலயத்தில், அதாவது யூதர் கூடி ஜெபிக்கும் இடத்தில், எழுந்து ஏசாயா சுருளை வாசித்தவர். அவர் பரமேறிய பிறகும் பேதுருவும் யோவானும் ஒன்பதாம் மணி ஜெபத்துக்கு எருசலேம் தேவாலயத்துக்குத்தான் போனார்கள். கி.பி. 70-ல் ரோமர் அந்த ஆலயத்தை இடித்ததும் யூதரும் கிறிஸ்தவரும் பிரிந்துவிட்டதாக நினைக்கிறோம். அதெல்லாம் இல்லை!

அன்றைய சிரியாவின் அந்தியோகியா நகரத்துக்கு வாருங்கள். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்று முதலில் பெயர் வந்த ஊர். ஆண்டு 386. பிரசங்கத்தில் கெட்டிக்காரரான யோவான் கிறிசோஸ்தோம் அங்கே குருவானவர். ஒரு நாள் பார்க்கிறார், ஒருவன் ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு போகிறான். எங்கே? ஜெப ஆலயத்துக்கு. எதற்கு? ஏதோ வழக்காம், அவள் அங்கே சத்தியம் செய்ய வேண்டுமாம். அந்தம்மா "ஐயா, காப்பாற்றுங்கள்" என்கிறார். குருவானவர் குறுக்கே போய் நின்று, "நீ யார்?" என்கிறார். "கிறிஸ்தவன்." சரி, கிறிஸ்தவன் சபையை விட்டு அங்கே ஏன் போகிறாய் என்றால், "அங்கே செய்கிற சத்தியத்துக்குத்தான் பயம் அதிகம், பலரும் சொன்னார்கள்" என்கிறான். பாருங்கள், எருசலேம் ஆலயம் இடிந்து முந்நூறு வருஷம் ஆகிவிட்டது! யூதப் பண்டிகையில் எக்காளம் கேட்கவும் சபையார் போனார்கள். அதைக் கண்டித்து அவர் செய்த பிரசங்கங்களில்தான் இந்தச் சம்பவமே இருக்கிறது. அவற்றில் யூதரை அவர் ஏசிய வார்த்தைகளை இந்த மேடையில் சொல்ல மாட்டேன். பின்னால் வந்தவர்கள் அவற்றை வைத்துச் செய்த கொடுமை பெரிது.

பண்டிகைக்கு வந்தால், பரிசுத்த ஆவியானவர் சீஷர்கள்மேல் இறங்கிய பெந்தெகொஸ்தே நாள் யூதரின் வாரங்களின் பண்டிகை... தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். வேதபுத்தகத்துக்குப் போய்விடுகிறேன்.

யூதரின் வேதமான பழைய ஏற்பாடே வேண்டாம் என்றார் இரண்டாம் நூற்றாண்டுப் போதகர் மார்சியோன். 144-ல் ரோமாபுரிச் சபை அவரை விலக்கியது. நாம் என்ன செய்கிறோம்? நேரமில்லை என்று ஞாயிறு ஆராதனையில் பழைய ஏற்பாட்டுப் பாடத்தை விட்டுவிடுகிறோம். அவரை விலக்கிவிட்டு அவர் பேச்சைக் கேட்கிறோம்! இதைக் கமிட்டியில் பல தடவை சொல்லிவிட்டேன். நதிமூலம் பார்க்காதவர்களுக்கு, "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறது" என்று யூத மூலத்தையே வேராகச் சொல்லி அப்போஸ்தலன் பவுல் ரோமாபுரிச் சபைக்கு எழுதியது யாருக்கோ எழுதியதாகத் தோன்றும்.

ஆகவே சேகரத்தலைவர் ஐயா, வருகிற ஞாயிறு முதல் பழைய ஏற்பாட்டுப் பாடத்தை முழுசாக வாசிக்க உத்தரவு போடுங்கள். நேரம் போதாதென்றால் அறிவிப்புகளைக் குறையுங்கள். மனு வாசலில், மேஜைமேல் இருக்கிறது. தேநீருக்கு முன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.